குப்புறக் கிடத்தலும் தாள்பணிதலும்



பத்தாண்டு நிறைவு கொண்டாடும் ஓர் இலக்கிய வட்டத்தில் காப்பியங்களையோ கவிஞர்களையோ பொருளாகக் கொண்டு உரையாற்றுவதே வழக்கம். இவ்வுரை ஒரு சிறு சொல்லைப் பொருளாகக் கொள்கிறது. அதுவும் தமிழ்ச் சொல் அன்று, ஆங்கிலச் சொல். முகம் நிலத்தை நோக்க உடல் கவிழ்ந்து கிடக்கும் நிலையை ஆங்கிலத்தில் 'ப்ரோன்' என்பர். அதனோடு நெருங்கிய உறவுடைய மற்றொரு சொல் 'ப்ராஸ்ட்ரேட்'. இவ்விரண்டையும் தமிழில் பெயர்ப்போர் பெரும்பாலும் ஒரே சொல்லால் பெயர்த்துவிடுகின்றனர். அதனால் கவிதையில் பொருள் கெடுகிறது. மருத்துவக் குறிப்பில் உயிருக்கே ஊறு நேரலாம். எனவே இச்சொற்களின் பொருளையும் வழக்கையும், அவற்றுக்கு நேராகத் தமிழ் வைத்திருக்கும் செல்வத்தையும் ஆராய்வது மொழிபெயர்ப்பாளர்க்கும் கவிஞர்க்கும் பயன்தரும்.

எட்டயபுரம் இதனை ஆராய்வதற்கு ஏற்ற இடம். உமறுப்புலவர் அடங்கிய ஊர் இது. முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்த ஊர் இது. 1882-இல் பாரதி பிறந்த ஊரும் இதுவே. கிழக்கே முத்துக் குளித்த கடல். சுற்றிலும் கரிசல் மண். பணிந்து வணங்கிய அடியாரும், பணிய மறுத்த கவிஞரும், கடலடியில் கவிழ்ந்து பொருள் தேடிய உழைப்பாளரும் இவ்வட்டாரத்து வரலாற்றில் ஒருங்கே நிற்கின்றனர். அம்மூவரும் மூன்று வகையாக நிலத்தை நோக்கியவர்கள். அந்த மூன்று வகையையும் ஒரே சொல்லால் குறித்துவிட முடியுமா என்பதே இங்கு எழும் வினா.

சொற்களின் பிறப்பு

'ப்ரோன்' என்பது 'ப்ரோனுஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. முன்னோக்கிச் சாய்ந்த, கீழ்நோக்கிச் சரிந்த என்பது அதன் பொருள். மலைச் சரிவையும் இறங்கும் ஆற்றையும் குறிக்க அச்சொல் பயன்பட்டது. ஆங்கிலத்தில் இச்சொல் நுழைந்தபோது முதலில் மனத்தின் சாய்வையே குறித்தது. ஒன்றின்பால் இயல்பாகச் சாயும் தன்மையுடையவன் என்னும் பொருளில் அது வழங்கிற்று. உடல் முகங்கவிழ்ந்து கிடத்தல் என்னும் பொருள் அதற்குப் பின்னரே வந்து சேர்ந்தது. இன்றும் இரு பொருளும் உடன் வழங்குகின்றன.

'ப்ராஸ்ட்ரேட்' என்பதன் வேர் வேறு. முன்னே பரப்புதல், வீழ்த்திக் கிடத்துதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து அது பிறந்தது. ஆகவே அச்சொல்லுக்குள் ஒரு செயல் மறைந்திருக்கிறது. ஒருவர் தம்மைத் தாமே கிடத்திக்கொள்ளலாம்; அப்போது அது வணக்கம். வேறொருவர் அவரை வீழ்த்தியிருக்கலாம். அப்போது அது தோல்வி. துயரமோ நோயோ வீழ்த்தியிருக்கலாம். அப்போது அது தளர்ச்சி. 'ப்ரோன்' என்பது உடல் எந்தப் பக்கம் திரும்பிக் கிடக்கிறது என்பதை மட்டும் கூறும். 'ப்ராஸ்ட்ரேட்' என்பது எதன் முன், எதனால் கிடக்கிறது என்பதையும் உடன் கூறும்.

இவ்விரண்டுக்கும் எதிர்ப்பக்கத்தில் 'சுபைன்' என்னும் சொல் உண்டு. முதுகு நிலத்தில் பட முகம் வானை நோக்கிக் கிடத்தல் அதன் பொருள். செயலற்ற, ஊக்கமற்ற என்னும் பொருளும் அதற்கு உண்டு. ஆங்கிலேயரே இச்சொற்களைப் பேச்சில் கலந்து பயன்படுத்துவதுண்டு. வெறுமனே நீட்டிப் படுத்திருப்பவரையெல்லாம் 'ப்ரோன்' என்றும் 'ப்ராஸ்ட்ரேட்' என்றும் எழுதும் வழக்கத்தை அவர்தம் அகராதிகளே பதிவு செய்துள்ளன. ஆயினும் கருத்தூன்றி எழுதுவோர் வேறுபாட்டைக் காப்பர். மருத்துவர் கட்டாயம் காப்பர்.

மற்றொரு மயக்கமும் உண்டு. ஆடவர்க்குரிய ஒரு சுரப்பியின் பெயர் 'ப்ராஸ்டேட்'. ஓர் எழுத்து மாறினால் வணக்கம் சுரப்பியாகிவிடும். அச்சுரப்பியின் பெயர் முன்னே நிற்பது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒன்று நிற்பது, மற்றொன்று கிடப்பது. ஒலி ஒத்தாலும் வேர்கள் ஒன்றுக்கொன்று நேர்மாறானவை.

தமிழின் கிடைச்சொற்கள்

ஆங்கிலம் இலத்தீனிடம் கடன் வாங்கி அமைத்துக்கொண்ட பாகுபாட்டைத் தமிழ் தன் அடுப்படிப் பேச்சிலேயே வைத்திருக்கிறது. குப்புறப் படுத்தல், மல்லாந்து படுத்தல், ஒருக்களித்துப் படுத்தல் என்பன எழுத்தறியாப் பாட்டியும் அறிந்த சொற்கள். கவிழ்ந்து படுத்தல் என்பதும் உண்டு; நாட்டுப்புறத்தார் வாயில் அது கவுந்து படுத்தலாகும். கவிழ்தல் என்னும் சொல் கலத்துக்கும் தோணிக்கும் உரியது. வாய் கீழாகத் திரும்புதலே அதன் கருத்து. மனித உடலுக்கு அச்சொல்லை ஏற்றும்போது முகமே வாயாகிறது.

இச்சொற்களின் துல்லியத்தைப் பழமொழிகள் நன்கு காட்டும். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பர். இப்பழமொழியின் நகைச்சுவை முழுவதும் 'குப்புற' என்னும் ஒரு சொல்லைச் சார்ந்து நிற்கிறது. மல்லாந்து விழுந்தவன் மீசையில் மண் ஒட்டாதது இயல்பு. குப்புற விழுந்தவனுக்கு ஒட்டியே தீரும். ஒட்டியதை ஒட்டவில்லை என்று சாதிக்கும் வீம்பைத்தான் பழமொழி எள்ளுகிறது. அதுபோலவே மல்லாந்து படுத்துக்கொண்டு எச்சில் துப்பினால் தன்மேலேயே விழும் என்பதும் 'மல்லாந்து' என்னும் சொல்லை மாற்றினால் பொருளற்றுப்போகும். உடலின் கிடையை இவ்வளவு கூர்மையாக உணர்ந்த மொழிக்கு அயற்சொல் ஒன்றைக் கண்டு மருளவேண்டிய நிலை இல்லை.

இனி, கிடைக்கு அடுத்து வரும் வினைச்சொல்லும் கருதத்தக்கது. குப்புறப் படுத்தான் என்றால் அவன் விருப்பம் அதில் உண்டு. குப்புறக் கிடந்தான் என்றால் விருப்பம் பற்றிய பேச்சே இல்லை. உறங்குபவனும் மயங்கியவனும் இறந்தவனும் கிடப்பர். குப்புற விழுந்தான் என்றால் அது ஒரு நிகழ்ச்சி, கால் இடறியிருக்கலாம். வீழ்ந்தான் என்றால் போரும் தோல்வியும் நினைவுக்கு வரும். வீழ்த்தப்பட்டான் என்றால் பகைவன் ஒருவன் பின்னணியில் நிற்கிறான். ஆங்கிலம் 'ப்ரோன்', 'ப்ராஸ்ட்ரேட்' என்று பெயரடையை மாற்றிக் காட்டும் வேறுபாட்டைத் தமிழ் வினையை மாற்றிக் காட்டுகிறது. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் பெயரடைக்கு நேர்ச்சொல் தேடிக் களைப்பதன் காரணம் இதுவே. தேடவேண்டிய இடம் வினை.

செங்கீரைப் பருவம்

குப்புறக் கிடத்தல் இழிவன்று என்பதற்குத் தமிழிலக்கியம் தரும் சான்று பிள்ளைத்தமிழ். காப்புப் பருவத்தை அடுத்து வருவது செங்கீரைப் பருவம். ஐந்தாம் திங்கள் அளவில் குழந்தை கவிழ்ந்து, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, தலை நிமிர்த்தி முகம் அசைக்கும் நிலை அது. குப்புறக் கிடக்கும் உடலுக்கென்றே ஒரு பருவம் வகுத்து, அதனைப் பத்துப் பருவங்களுள் ஒன்றாக வைத்துப் பாடிய பெருமை தமிழுக்கு உண்டு. இம்மாவட்டத்துத் திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரின் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழிலும், பகழிக்கூத்தரின் திருச்செந்தூர்ப் பிள்ளைத்தமிழிலும் தெய்வங்களே இந்நிலையில் பாடப்பெற்றன.

செங்கீரையின் அழகு எங்கே இருக்கிறது? முகம் நிலத்தில் படாமல் எழுவதில் இருக்கிறது. குழந்தை குப்புறத் திரும்பிய பின்பே தலை நிமிர்த்தக் கற்கிறது. மல்லாந்து கிடக்கும் வரை வானம் எளிதில் தெரியும். குப்புறத் திரும்பிய குழந்தைக்கு எதிரே உள்ளதைக் காணக் கழுத்தின் வலிமை வேண்டும். விழித்திருக்கும் பொழுது குழந்தையைச் சிறிது நேரம் பெரியவர் கண்காணிப்பில் கவிழ்த்து விடுமாறு இன்றைய குழந்தை மருத்துவர் கூறுவதும் இவ்வலிமைக்காகவே.

ஆனால் உறக்கத்துக்கு அவர்கள் கூறும் அறிவுரை நேர்மாறானது. உறங்கும் குழந்தையைக் குப்புறக் கிடத்தலாகாது. மல்லாந்தே கிடத்தவேண்டும். குப்புறக் கிடத்துவதைத் தவிர்க்குமாறு அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1992-இல் அறிவுறுத்திற்று. 1994-இல் அந்நாட்டில் இதற்கென நாடு தழுவிய இயக்கம் தொடங்கிற்று. உறக்கத்தில் காரணம் புலப்படாமல் நேரும் குழந்தை இறப்புகள் அதன்பின் அங்கே ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பிள்ளைத்தமிழில் செங்கீரையை அடுத்துத் தால் பருவம் வருகிறது. தொட்டிலில் கிடத்தித் தாலாட்டும் பருவம் அது. விளையாடக் குப்புறவும் உறங்க மல்லாந்தும் இருக்கும் குழந்தையை அடுத்தடுத்த இரு பருவங்களில் வைத்துக் காணுதல் இன்பம் தருவது. இங்கே ஒரு வினா எழுகிறது. மருத்துவ அறிவுரையை மொழிபெயர்ப்போர் 'ப்ரோன்' என்பதற்கும் 'சுபைன்' என்பதற்கும் பொதுவாகப் 'படுத்த நிலை' என்று எழுதிவிட்டால் தாய் எதனைப் பின்பற்றுவாள்?

வணக்கத்தின் வடிவங்கள்

'ப்ராஸ்ட்ரேட்' என்பதைக் கண்டவுடன் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கை நெடுஞ்சாண்கிடை என்று எழுதும். அல்லது சாஷ்டாங்கம் என்று எழுதும். எண்சாண் உடம்பும் நீளக் கிடப்பது நெடுஞ்சாண்கிடை. தண்டம் எனப்படும் கோல் போல விழுதலால் தண்டனிடுதல் என்றும், தெண்டனிடுதல் என்றும் வைணவர் வழங்குவர். பழைய கடிதங்களின் தலைப்பில்கூட இவ்வழக்கு உண்டு. உடல் வர இயலாத இடத்தில் எழுத்து விழுந்து வணங்கிற்று.

ஆயினும் வணக்கம் அனைத்தும் குப்புறக் கிடத்தல் ஆகாது. சைவ மரபு அட்டாங்கம், பஞ்சாங்கம், திரியாங்கம் என வணக்கத்தைப் பகுக்கும். தலை, கையிரண்டு, செவியிரண்டு, மோவாய், புயமிரண்டு ஆகிய எட்டுறுப்பும் நிலத்திற் பொருந்துவது அட்டாங்கம். தலை, கையிரண்டு, முழந்தாளிரண்டு ஆகிய ஐந்துறுப்பும் பொருந்துவது பஞ்சாங்கம். மகளிர்க்கு உரியதாகச் சொல்லப்பட்டது பஞ்சாங்கமே. பஞ்சாங்க வணக்கத்தில் மார்பும் வயிறும் நிலத்தில் படுவதில்லை. எனவே ஆங்கிலக் கதையொன்றில் ஒரு தமிழ்ப்பெண் கோயிலில் 'ப்ராஸ்ட்ரேட்' ஆனாள் என்றிருந்தால் அதனை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள் என்று பெயர்ப்பது மரபறியாப் பெயர்ப்பு. விழுந்து கும்பிட்டாள் என்பது போதும். அதுவே அவ்வூர்ப் பேச்சுமாகும்.

இசுலாமியர் தொழுகையில் சஜ்தா என்னும் நிலையும் இத்தகையதே. நெற்றியும் மூக்கும், இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் நிலத்தைத் தொடும். உடல் நிலத்தோடு ஒட்டுவதில்லை. ஆங்கிலத்தில் அதனை 'ப்ராஸ்ட்ரேஷன்' என்பர். 'ப்ரோன்' என்று ஒருவரும் சொல்லார். தமிழ் முசுலிம்கள் சிரம் பணிதல் என்று அதனை வழங்குதல் மிகப் பொருத்தம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் உறங்கும் ஊரில் இதனை நினைத்தல் தகும். பணிவது சிரம், அச்சொல்லில் உடலின் மற்றப் பகுதி குறிக்கப்பெறவே இல்லை.

முத்துக்குளித்துறையில் வேறூன்றிய கத்தோலிக்க மரபில் மூன்றாம் வடிவத்தைக் காணலாம். பெரிய வெள்ளிக்கிழமை வழிபாட்டின் தொடக்கத்தில் குரு பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து சிறிது நேரம் பேசாது கிடப்பார். குருப்பட்டம் பெறுவோரும் புனிதர் மன்றாட்டு மாலை ஒலிக்கும்போது அங்ஙனமே கிடப்பர். இங்கேதான் இரு ஆங்கிலச் சொற்களும் ஒன்றுபடுகின்றன. உடல் நிலையால் அது 'ப்ரோன்'. உள்ளத்தின் நிலையால் அது 'ப்ராஸ்ட்ரேட்'. தமிழ் விவிலிய நடை இதற்கென முகங்குப்புற என்னும் அரிய தொடரை நிலைபெறச் செய்தது. குப்புற என்றாலே முகம் கீழ்நோக்கும். ஆயினும் முகம் என்பதைச் சேர்த்துக் கூறியதால் தன்முகம் மறைக்கும் பணிவு அத்தொடரில் ஏறிவிட்டது.

ஒரே வட்டாரத்தின் மூன்று சமய வழக்குகளை ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும். 'ப்ராஸ்ட்ரேட்' என்பது உடலின் வடிவத்தைக் குறிக்கும் சொல் என்று கொள்ள இயலாது. ஒவ்வொரு மரபும் தனக்கென ஒரு வடிவத்தை வகுத்துக்கொண்டது. எவர், எங்கே, எதன்முன் என்று அறிந்த பின்பே அச்சொல்லைத் தமிழாக்கவேண்டும்.

கடலடியில் கவிழ்ந்தோர்

வணக்கமும் இன்றி, தோல்வியும் இன்றி, பிழைப்புக்காகக் கவிழ்ந்தோர் முத்துக் குளித்தோர். பழைய முறையில் குளியாளி கயிற்றில் கட்டிய கல்லின்மேல் கால் வைத்து நின்றவாறே கடலுள் இறங்குவான். பல பாகம் ஆழத்தில் பார் எனப்படும் சிப்பித் திட்டை அடைந்ததும் கல்லை விட்டு, நிலத்துக்கு மேல் கவிழ்ந்து, கைகளால் துழாவிச் சிப்பிகளை வலைப்பையில் சேர்ப்பான். மூச்சு அடங்கும் ஏறத்தாழ ஒரு நிமிடமே அவனுக்குரிய காலம். பின் கயிற்றை அசைக்க, தோணியில் இருப்பவர் மேலே இழுப்பர். தூத்துக்குடியில் இறுதியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அதன்பின் அப்பார்கள் குளிப்புக்குத் திறக்கப்படவில்லை.

இந்தக் குளியாளியின் நிலையை ஆங்கிலத்தில் எழுதுவோர் 'ப்ரோன்' என்றே எழுதவேண்டும். 'ப்ராஸ்ட்ரேட்' என்றால் பிழை. அவன் எவரையும் வணங்கவில்லை. எவராலும் வீழ்த்தப்படவும் இல்லை. அவன் பார்வை கீழ்நோக்கியது தேடுதற்காக. நாற்று நடும் பெண்ணின் வளைந்த முதுகைப் பணிவு என்று பாடும் கவிஞரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பணி என்னும் தமிழ்ச்சொல் வளைதலையும் குறிக்கும், தொழிலையும் குறிக்கும். உழைப்பினால் வளைந்த உடலையும் அச்சத்தினால் வளைந்த உடலையும் பிரித்துக் காட்டும் பொறுப்பு எழுதுவோருடையது.

தவழ்தலும் ஊர்தலும்

சொல் மயங்கினால் வரலாறு மயங்கும் என்பதற்கு 1919-ஆம் ஆண்டு அமிர்தசரசு நிகழ்ச்சி சான்று. அவ்வாண்டு ஏப்ரல் 13-இல் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அதற்கு மூன்று நாள் முன் ஒரு குறுகிய தெருவில் ஆங்கிலப் பெண்மணி ஒருவர் தாக்கப்பட்டிருந்தார். ஏப்ரல் 19-இல் தளபதி டயர் ஓர் ஆணையிட்டார். அத்தெருவழியே செல்ல விரும்பும் இந்தியர் கைகளாலும் முழங்கால்களாலும் செல்லவேண்டும் என்பது ஆணை. ஆணையின் சொற்படி அது தவழ்தல். நடைமுறையில் மக்கள் வயிறு நிலத்தில் தேயக் கிடந்து ஊருமாறு செய்யப்பட்டனர். நிமிர முயன்றோர் துப்பாக்கிக் கட்டையால் அழுத்தப்பட்டனர்.

ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே வினைச்சொல் போதுமானதாயிருந்தது. ஆகவே எழுதப்பட்ட ஆணைக்கும் நடந்த கொடுமைக்கும் இடைப்பட்ட தொலைவு அச்சொல்லுக்குள் மறைந்துபோக இடமுண்டு. தமிழில் தவழ்தல் குழந்தைக்கு உரியது; ஊர்தல் பாம்புக்கும் புழுவுக்கும் உரியது. தவழும் ஆணை என்று தமிழில் எழுதினால் கொடுமை மென்மையாகும். வயிற்றால் ஊரச்செய்த ஆணை என்று எழுதினால் நடந்தது நடந்தபடி நிற்கும். தமிழ்ச்சொல் உண்மைக்கு இன்னும் நெருங்கிச் செல்லும் இடம் இது. வரலாறு எழுதுவோர் அதனைப் பயன்படுத்தத் தவறலாகாது.

அதே 1919-இல், சிறையினின்று விடுபட்டுக் கடையத்தில் வாழ்ந்த பாரதி எட்டயபுரம் மன்னர்க்குச் சீட்டுக்கவி எழுதினார். பதினோரு வயதில் தமக்குப் பாரதி என்னும் பட்டம் கிடைத்த அவையையே அவர் மீண்டும் நோக்கினார். 1904-இல் அவ்வரண்மனைப் பணியை விட்டு நீங்கியவர் அவர். சமீன் வாழ்வின் போலிப் பெருமையையும் அதனைச் சூழ்ந்த துதிபாடலையும் 'சின்னச் சங்கரன் கதை'யில் நகையாடியவரும் அவரே. வறுமையின் நடுவே அவர் பரிசில் வேண்டினார். ஆனால் காலில் விழுந்து வேண்டவில்லை. தம் கவிதையின் தகுதியை முன்வைத்து, கவிஞர்க்குரிய மரியாதையோடு தருமாறு கேட்டார். கையேந்தும் நிலையிலும் கழுத்து நிமிர்ந்திருந்தது.

இதனைத் தோல்வியுற்ற முயற்சி என்று சிலர் கூறுவர். பரிசில் வரவில்லை என்பது உண்மையே. ஆனால் பஞ்சாபில் மக்களை வயிற்றால் ஊரச்செய்த ஆண்டில், தென்கோடியில் பொருளற்ற ஒரு கவிஞர் கேட்கும்போதும் நிமிர்ந்து நின்று கேட்டார் என்பதைத் தமிழிலக்கிய வரலாறு மறவாமல் குறிக்கவேண்டும். அவருக்கு இவ்வூரில் 1947-இல் திறக்கப்பெற்ற மணிமண்டபம் மக்கள் பொருளால் எழுந்தது. அரண்மனை தராத பரிசிலை ஊரும் நாடும் தந்தன எனலாம். ஆயினும் காலந்தாழ்த்தே தந்தன.

மருத்துவமனையில் ஒரு சொல்

'ப்ரோன்' என்னும் சொல்லை உலகெங்கும் சாதாரண மக்கள் செவிக்குக் கொணர்ந்தது 2020, 2021-ஆம் ஆண்டுகளின் கொரோனாப் பெருந்தொற்று. மூச்சுத் திணறும் நோயாளியைக் குப்புறக் கிடத்தினால் குருதியில் உயிர்வளி கூடும். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப்புறம் அமைந்துள்ளது. மல்லாந்து கிடக்கையில் இதயத்தின் எடையும் வயிற்றுறுப்புகளின் அழுத்தமும் அப்பகுதியை நெருக்குகின்றன. கவிழ்த்ததும் அந்நெருக்கம் நீங்கி, அடைபட்டிருந்த சிற்றறைகள் விரிகின்றன.

இம்முறையின் பயனைப் பெருந்தொற்றுக்கு முன்பே பிரான்சு மருத்துவர் குழுவொன்று நிறுவியிருந்தது. கடுமையான மூச்சுக் கோளாறுற்ற 466 நோயாளிகளிடம் நடத்திய அவ்வாய்வு 2013-இல் வெளிவந்தது. மல்லாந்த நிலையில் வைக்கப்பெற்றோரில் 28 நாளுக்குள் இறந்தோர் 32.8 விழுக்காடு, நாள்தோறும் ஏறத்தாழ 16 மணிநேரம் குப்புறக் கிடத்தப்பெற்றோரில் 16 விழுக்காடு. உடல் திரும்பிய திசை ஒன்றே இவ்வளவு உயிர்களைக் காத்தது.

2021 ஏப்ரலில் இந்திய நடுவண் அரசின் நலத்துறை, வீட்டிலிருக்கும் நோயாளிகளுக்கும் இதனைப் பரிந்துரைத்தது. கழுத்தின் கீழ் ஒரு தலையணை, மார்பு முதல் தொடை வரை ஒன்றிரண்டு, கணைக்காலின் கீழ் இரண்டு என விளக்கமும் தந்தது. உணவுண்ட ஒரு மணிநேரத்துக்குக் குப்புறப் படுத்தல் ஆகாது என்றும், கருவுற்றோரும் கடும் இதயநோய் உடையோரும் தவிர்க்கவேண்டும் என்றும் எச்சரித்தது. இத்தகைய குறிப்பைத் தமிழில் தருவோர் 'கிடைமட்ட நிலை' என்றோ 'நெடுஞ்சாண் நிலை' என்றோ எழுதினால் படிப்பவர் மயங்குவர். 'குப்புறப் படுங்கள்' என்றால் படிக்காதவரும் உணர்வர். புதிய கலைச்சொல் ஆக்குவதற்கு முன் பழைய வீட்டுச்சொல் உண்டா என்று பார்ப்பதே கலைச்சொல்லாக்கத்தின் முதல் விதி. இங்கே அவ்விதியை மீறினால் அதன் விலையைக் கொடுப்பவர் நோயாளி.

சாய்வு என்னும் பொருள்

இனி 'ப்ரோன்' என்பதன் முதற்பொருளுக்கு வருதல் வேண்டும். விபத்துக்கும் வெள்ளத்துக்கும் நோய்க்கும் எளிதில் ஆட்படுதலை ஆங்கிலத்தில் இச்சொல்லால் கூறுவர். இங்கே குப்புற என்பதற்கு இடமில்லை. சாய்வு என்பதே அடிப்படை. தமிழிலும் சாய்தல் உடலுக்கும் உண்டு, மனத்துக்கும் உண்டு. நாட்டம், சார்பு, சாய்கால் ஆகியவை எல்லாம் அவ்வழிப் பிறந்த கருத்துகள். இரு மொழிகளும் தொடர்பின்றியே ஒரே உருவகத்தைக் கண்டமை வியப்புக்குரியது.

எனினும் வெள்ளத்துக்கு நாட்டமுடைய ஊர் என்று எழுதுதல் நகைப்புக்கு இடமாகும். வெள்ளம் வரக்கூடிய தாழ்வான பகுதி என்றால் பொருள் விளங்கும். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்து, தாமிரபரணிக் கரையும் தூத்துக்குடியும் நீரில் மூழ்கியதை இவ்வட்டாரத்தார் மறவார். தாழ்வு, சரிவு, பள்ளம் என்னும் சொற்களின் பொருளை அந்நாளில் எல்லாரும் கண்ணால் கண்டனர். இலத்தீன் மூலச்சொல்லும் இறங்கும் நீரையே முதலில் கண்டது. நெடுஞ்சாலைகளில் 'விபத்துப் பகுதி' என்று இரு சொல்லில் எழுதிவைத்துள்ளனர். அதில் ஆங்கிலப் பெயரடைக்கு நேர்ச்சொல் இல்லை. கருத்து முழுதும் இருக்கிறது. பெயர் தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளர் பாராட்டுக்குரியவர்.

செடிநூலிலும் 'ப்ராஸ்ட்ரேட்' உண்டு. நிமிராமல் மண்ணோடு மண்ணாகப் படரும் செடியை அவ்வாறு குறிப்பர். கரிசல் காட்டில் கால் வைப்போர் அறிந்த நெருஞ்சி அத்தகையது. அதற்குத் 'தரைபடர்' என்பது போதும். நெருஞ்சி மண்ணில் கிடப்பது. ஆயினும் அதன் மஞ்சள் பூ கதிரவனை நோக்கி மலரும். மிதித்தவன் காலை முள் விடாது. கிடத்தல் எல்லாம் பணிதல் ஆகாது என்பதை இக்காட்டுச்செடியும் சொல்கிறது.

நிறைவுரை

இதுவரை கூறியவற்றைத் தொகுத்தால் மொழிபெயர்ப்போர் கைக்கொள்ளத்தக்க சில நெறிகள் கிடைக்கும். உடலின் பக்கத்தை மட்டும் கூறும் 'ப்ரோன்' என்பதற்குக் குப்புற, கவிழ்ந்து என்பன ஏற்றவை. உடன் வரும் வினையைச் சூழலறிந்து தேர்தல் வேண்டும். வணக்கப் பொருளில் வரும் 'ப்ராஸ்ட்ரேட்' என்பதற்கு விழுந்து வணங்குதல், தண்டனிடுதல், சிரம் பணிதல், முகங்குப்புற விழுதல் ஆகியவற்றுள் அவ்வம்மரபுக்கு உரியதைக் கொள்ளவேண்டும். தோல்விப் பொருளில் வருமாயின் வீழ்ந்து கிடத்தல் பொருந்தும். துயரத்தால் எனின் துவண்டு கிடத்தல், நோயால் எனின் சாய்ந்து கிடத்தல் பொருந்தும். இயல்புச் சாய்வைக் குறிக்கும்போது சொல்லைப் பெயர்க்காமல் கருத்தைப் பெயர்த்தல் நலம்.

கவிஞர்க்குச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. நிலத்தை நோக்கிய உடலைக் கவிதையில் கொண்டுவரும்போது, அவ்வுடல் எதற்காக அங்கே கிடக்கிறது என்பதைச் சொல்லே காட்டவேண்டும். செங்கீரையாடும் குழந்தை, பீடத்தின் முன் கிடக்கும் துறவி, கடலடியில் துழாவும் குளியாளி, மூச்சுக்காகக் கவிழ்ந்த நோயாளி, துப்பாக்கிக் கட்டையின் கீழ் ஊரும் குடிமகன் ஆகிய ஐவரும் வெளிப்பார்வைக்கு ஒருபோலக் கிடக்கின்றனர். புகைப்படம் அவர்களைப் பிரித்துக் காட்டாது. மொழி பிரித்துக் காட்டும். காட்டத் தவறினால் அடிமைப்பட்டவனைப் பக்தன் என்றும், உழைப்பவனை அடிமை என்றும் எழுதிவிட நேரும்.

பத்தாண்டுகளாகச் சொல்லை எடைபோட்டுப் பழகிய இவ்வட்டத்தின் கவிஞர்கள் அப்பிழைக்கு இடந்தரமாட்டார்கள். குப்புற விழுந்தால் மீசையில் மண் ஒட்டும். அதனை ஒட்டியது என்றே எழுதும் துணிவும் இவர்களிடம் உண்டு. வட்டம் மேலும் பல்லாண்டு வளர்க.